சாம்பல் வந்த வழி

உம்மா மௌத்தானது 2025 நவம்பர் 23ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு. அஸருக்குப் பிறகு நல்லடக்கம் செய்துவிட்டோம். குவைத்திலிருக்கும் தம்பிக்காக மையத்தை வைத்துப் பார்த்திருக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். "நீங்க அடக்குங்க காக்கா, நான் வாறன்" என்று மட்டும் சொன்னான். ஏழாம் நாளுக்குள் வந்துவிடலாம் என்ற கணக்கில், கிடைத்த டிக்கட்டை எடுத்தான். குவைத்திலிருந்து மும்பாய், அங்கிருந்து கொழும்பு.

திங்கட்கிழமை இரவு விமான நிலையத்திலிருந்து பேசினான்.

"பிளைட் இல்லயாம் காக்கா. வானத்தில சாம்பலாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மூன்று தசாப்தம் புவியியல் படிப்பித்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். எரிமலைச் சாம்பலைப் பற்றிக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன். ஆனாலும் அந்தச் சொல் தம்பியின் வாயிலிருந்து, அந்த நேரத்தில் வந்தபோது, யாரோ வீட்டில் அடுப்பு வாரிக் கொட்டியதுபோலத்தான் கேட்டது. கைத்தொலைபேசியில் செய்தியைத் தேடிப் பார்த்த பிறகே விடயம் பிடிபட்டது. எத்தியோப்பியாவின் அஃபார் பிரதேசத்தில் ஹைலி குப்பி என்ற மலை வெடித்திருந்தது. கடந்த 12,000 வருடங்களில் அது வெடித்ததற்குப் பதிவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு முற்பகல் பதினொன்றரை மணியளவில் வெடித்திருக்கிறது. எங்களுக்கு அது பிற்பகல் இரண்டு மணி. உம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த வேளை.

இந்த நேரக் கணக்கை நான் வாய்திறந்து சொன்னதுதான் பிழையாய்ப் போயிற்று.

தம்பி ஊருக்கு வந்து ஏழு வருடம். அதற்கு முன்னரும் அவன் வெளிநாட்டுக்காரன்தான். முதன்முதலில் போன இரண்டு வருடமும் பாலைவனத்தில் ஆடு மேய்த்தான். பிறகு லைசன் எடுத்துச் சாரதியானான். கடைசியாக வந்துபோனபோது வளவுப் பங்கு விடயத்தில் வாய்த்தர்க்கம். உம்மா ஒன்று சொல்ல இவன் ஒன்று சொல்ல, பயணம் சொல்லாமலே போய்விட்டான். காசு மட்டும் மாதம் தவறாமல் வரும். உம்மா படுக்கையில் விழுந்த பிறகு இரண்டு தடவை வருகிறேன் என்றான். வரவில்லை. இதெல்லாம் ஊரறிந்த கதை. ஊரறிந்த கதைக்கு ஊர் ஒரு முடிவும் எழுதி வைத்திருக்கும்தானே.

செவ்வாய்க்கிழமை எங்கள் விறாந்தையில் அந்த முடிவு வாசிக்கப்பட்டது. பாயில் இருந்த ஒரு பெரியவர், நல்ல மனிதர்தான், தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "பெத்தவட மனசு நொந்தா வானமும் வழி விடாது மனே." இன்னொருவர் நான் சொன்ன நேரத்தைப் பிடித்துக்கொண்டார். "பாருங்களன், உம்மா மௌத்தான அதே நாளையில மல வெடிச்சிரிக்கி." அறைக்குள் இருந்த பெண்கள் பக்கமும் இந்தக் கதை போய்ச் சேர்ந்து, அங்கே இன்னும் கொஞ்சம் வளர்ந்து, இரவுக்குள் குவைத்துக்கும் போய்விட்டது. கதை போகும் வேகத்துக்கு எரிமலைச் சாம்பல் ஈடாகாது.

சாம்பல் போகும் வேகத்தையும் விதத்தையும் அன்றைக்கு அந்த விறாந்தையில் நான் சொல்லப் பார்த்தேன். பாதிதான் சொல்ல முடிந்தது. இங்கே முழுவதையும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயரே எங்களை ஏமாற்றுகிறது. அடுப்புச் சாம்பல் விறகு எரிந்த மிச்சம், தண்ணீரில் கரையும், உம்மா அதைத் தொட்டுத்தான் மீன் சட்டி தேய்ப்பார். எரிமலைச் சாம்பல் எதுவும் எரிந்த மிச்சமல்ல. பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பில் வாயுக்கள் கரைந்திருக்கும். மேலே வரவர அமுக்கம் குறையும். சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்ததுபோல் வாயு பொங்கி, அந்தக் குழம்பைச் சுக்குநூறாக்கி வீசியெறியும். இப்படித் தெறித்துக் குளிர்ந்த கல்லும் கண்ணாடியும்தான் சாம்பல். இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர். கையில் எடுத்துப் பார்த்தால் மாவுபோல் இருக்குமாம். உருப்பெருக்கியில் உடைந்த போத்தல் ஓடு.

இது வானத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் களவெட்டியில் நெல் தூற்றியவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. இப்போது வெட்டு மெசின் வந்து எல்லாவற்றையும் அதற்குள்ளேயே முடித்துவிடுகிறது. வாப்பாவின் காலத்தில் கச்சான் காற்றுக்குப் பக்கமாக நின்று, சுளகைத் தலைக்கு மேலே உயர்த்திக் கொட்டுவார்கள். மணி நெல் காலடியில் விழும். அரை வயிறு நெல் ஒரு பாகம் தள்ளி விழும். பதர் அதற்கும் அப்பால். தூசி இருக்கிறதே, அது களவெட்டியைக் கடந்து, வாய்க்காலைக் கடந்து, அடுத்த கண்டத்தில் நிற்பவனின் கண்ணுக்குள் போய் விழும். ஒரே சுளகிலிருந்து ஒரே நேரத்தில் கொட்டியவைதான் எல்லாம்.

ஹைலி குப்பி தன் சுளகை ஏறக்குறைய 14 கிலோமீற்றர் உயரத்தில் பிடித்தது. அந்த உயரத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் பருமனான துணிக்கை ஒரு மணித்தியாலத்துக்குள் நிலத்துக்கு வந்துவிடும். பத்தில் ஒரு மில்லிமீற்றர் என்றால் சில மணித்தியாலங்கள். நூறில் ஒன்று என்றால் வாரக் கணக்கு. ஆயிரத்தில் ஒரு மில்லிமீற்றர் துணிக்கை அசையாத காற்றில் தானாக விழுவதென்றால் வருடங்கள் செல்லும். ஆனால் காற்று அசையாமல் இருப்பதில்லை. மாரி காலத்தில் அரபு நாடுகளுக்கும் வட இந்தியாவுக்கும் மேலே, ஒன்பது பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஓடிக்கொண்டேயிருக்கும். சாம்பல் அதில் ஏறிக்கொண்டது. செங்கடலைத் தாண்டி, யெமன், ஓமான், அரபிக்கடல், பாகிஸ்தானின் தென்கரை, குஜராத், ராஜஸ்தான் என்று வந்து, திங்கட்கிழமை இரவு டில்லிக்கு மேலே நின்றது. நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். ஒன்றரை நாள்தான் எடுத்திருக்கிறது. கீழே டில்லிக்காரர் மூச்சு விட்ட காற்றில் அதனால் பெரிய வித்தியாசம் எதுவும் ஏற்படவில்லை. சாம்பல் போனது விமானங்கள் போகும் உயரத்தில். செவ்வாய் பின்னேரமளவில் இந்தியாவை விட்டு நீங்கிச் சீனப் பக்கம் போய்விட்டது.

"தூசிக்குப் போய் பிளைட்ட நிப்பாட்டுறயா?" என்று மச்சான் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1982 ஜூன் 24ஆம் திகதி இரவு பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் விமானமொன்று கோலாலம்பூரிலிருந்து பேர்த்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜாவாவின் கலுங்குங் மலை விட்ட சாம்பலுக்குள் 37,000 அடி உயரத்தில் தெரியாமல் நுழைந்துவிட்டது. ராடார் ஈரத்தை, மழை மேகத்தைக் காட்டும். இந்த உலர்ந்த பொடியைக் காட்டாது. கண்ணாடியில் நீல நெருப்புப் போல மின்னியிருக்கிறது. பிறகு நான்கு எஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. இந்தக் கண்ணாடிப் பொடி 1,100 பாகை செல்சியசளவில் இளகிவிடும். ஜெட் எஞ்சினின் உள்ளே அதைவிடச் சூடு. உள்ளே போன பொடி உருகி, அலகுகளில் பாகுபோல் ஒட்டி, காற்றோட்டத்தை அடைத்துவிட்டது. விமானம் மிதந்து மிதந்து 13,000 அடியளவுக்கு இறங்கியபோது, நின்று குளிர்ந்த எஞ்சின்களில் ஒட்டியிருந்தது இறுகி உடைந்து கழன்றதால் அவை மீண்டும் உயிர்பெற்றன. கீறல் விழுந்து பார்வை மறைந்த முன்கண்ணாடியோடு ஜகார்த்தாவில் இறக்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் 263 பேர். ஒருவரும் சாகவில்லை. அதற்குப் பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டு, சாம்பலைப் பின்தொடர்வதற்கென்று ஒன்பது மையங்களை அமைத்தது. எத்தியோப்பியச் சாம்பலைப் பின்தொடர்ந்து எச்சரித்தது பிரான்சின் துலூஸ் நகரத்து மையம். தம்பியின் விமானத்தை நிறுத்தியது யாருடைய நொந்த மனசுமல்ல, துலூஸில் கணனிக்கு முன்னால் இருந்த ஒருவரின் எச்சரிக்கை என்று சொன்னேன். மச்சான் ஏற்றுக்கொண்டார். பெரியவர் பேசவில்லை.

எங்கள் கரைக்கும் எரிமலைக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். வகுப்பில் கிரகட்டோவா படிப்பிப்பேன். சுந்தா நீரிணை, 1883 ஓகஸ்ட் 27, இறந்தோர் 36,417. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், மணியடிக்கும். அந்த மலை எங்கள் வீட்டு முற்றத்துக்கும் வந்துபோனது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. நான் பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை.

கல்முனைக்கும் கிரகட்டோவாவுக்கும் இடையே ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர் கடல். அன்று முதலில் வந்தது ஓசை. தூரத்தில் பீரங்கி வெடிப்பதுபோல் இலங்கையில் பல இடங்களில் கேட்டிருக்கிறது. அடுத்து வந்தது தண்ணீர். கடல் உள்வாங்கித் திரும்பி ஏறியிருக்கிறது. எங்கள் அம்பாறைக் கரையின் தெற்கே, பொத்துவிலுக்கும் அப்பால், பாணமையில் ஒரு பெண் அந்த நீரில் அகப்பட்டு இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அவரது பெயரை நான் எங்கும் காணவில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்த வரியை வாசித்தபோது எனக்கு வேறுவிதமாகப் பட்டது. அந்த ஒரு பெண்ணுக்குப் பின்னால் 121 வருட இடைவெளியில் எங்கள் மருதமுனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் நிற்கின்றன.

மூன்றாவதாக வந்தது நிறம். அது உடனே வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, செப்டெம்பர் 9ஆம் திகதியளவில் தொடங்கிச் சில நாட்கள், இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. காலையும் மாலையும் பச்சை, சில இடங்களில் நீலம். சென்னை கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த மிச்சி சிமித் அதை நிறமாலைகாட்டி வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். வெடித்த மலை எங்களுக்குத் தென்கிழக்கே இருக்க, அதன் மேகம் மேற்கு நோக்கிப் புறப்பட்டது. இந்து சமுத்திரம், ஆபிரிக்கா, அத்திலாந்திக், அமெரிக்கா என்று போய், செப்டெம்பர் 5ஆம் திகதி ஹொனலூலுவில் செரெனோ பிஷப் என்ற பாதிரியாரின் கண்ணில் பட்டு, இரண்டு வாரத்துக்குள் பூமியையே ஒருமுறை சுற்றிவிட்டது. அத்தனை உயரத்தில் பூமத்திய கோட்டுக்கு மேலே அப்படியொரு கீழைக் காற்று ஓடுகிறது என்பதையே மனிதர் அந்தத் தூசியின் ஓட்டத்தை வைத்துத்தான் அறிந்துகொண்டார்கள். இலண்டன் றோயல் சொசைட்டி உலகெங்குமிருந்து சாட்சியங்களைத் திரட்டி 1888இல் பெரிய அறிக்கையாக வெளியிட்டது.

சூரியன் ஏன் பச்சையாக வேண்டும்? வழக்கமான காற்று மூலக்கூறுகள் ஒளியலையைவிட மிகமிகச் சிறியவை. அவை நீலத்தைச் சிதறடித்துவிடும், மாலையில் எங்களுக்குச் சிவப்பு மிஞ்சும். ஒளியலையின் அளவையொத்த துணிக்கைகள், அதுவும் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பருமனாக, நிறைந்து நின்றால் கணக்கு தலைகீழாகிவிடும். சிவப்பு சிதறி, பச்சையும் நீலமும் தப்பி வரும். ஒரே பருமன் என்பதுதான் இதில் நுட்பம். கலப்பு நெல்லுக்கு இந்த நிறம் வராது. பாரமானவை முன்னமே விழுந்து தீர்ந்த பிறகு எஞ்சியதைத்தான் எங்கள் முன்னோர் பார்த்திருக்கிறார்கள்.

கிரகட்டோவா தன் சுளகை 30 கிலோமீற்றருக்கும் மேலே உயர்த்தியது. எங்கள் பக்கத்து வானத்தில் 16, 17 கிலோமீற்றருக்கு மேலே மழையும் இல்லை, மேகமும் இல்லை. அங்கே போனதைக் கழுவ ஆளில்லை. அதிலும் நெடுங்காலம் நிற்பது சாம்பலல்ல. கூடப் போன கந்தக வாயு சில வாரங்களில் நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலத்தின் நுண்துளிகளாகும். கல் விழுந்துவிடும், இந்தத் துளிகள் வருடக் கணக்கில் நின்று வெயிலை மறைக்கும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ அப்படித்தான் உலகத்தின் சராசரி வெப்பத்தை ஏறத்தாழ அரைப் பாகை குறைத்தது. ஹைலி குப்பியின் சாம்பல் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டது. கீழே உள்ளதற்கு ஆயுள் குறைவு. துணிக்கைகள் ஈரத்தாலும் மின்னேற்றத்தாலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி விழும், மீதியை மழை கழுவும். அதனால்தான் தம்பிக்கு இரண்டு நாள் வழி மறித்ததோடு அது முடிந்தது.

1883இல் இந்தக் கரையில் இருந்தவர்கள் ஓசையைக் கேட்டார்கள், தண்ணீரைக் கண்டார்கள், இரண்டு வாரம் கழித்துப் பச்சைச் சூரியனையும் பார்த்தார்கள். மூன்றும் ஒரே மலையிலிருந்து வந்தவை என்று அவர்களில் எவர் அறிந்திருப்பார்? ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு காரணம் தேடியிருப்பார்கள். யாருடைய வீட்டிலோ அந்தக் காரணம் போய் நின்றிருக்கும்.

கடலடித்த பிறகு எங்கள் வீட்டில் அது வந்து நின்றது. தங்கச்சியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அன்று போனார்கள். நாற்பது நாள் ஆகவில்லை. உம்மாவைப் பார்க்க வந்த ஒரு பெண், ஊர்ப் பொம்பிளைகளின் பாவத்துக்குத்தான் அல்லாஹ் கடலை ஏவினான் என்று யாரோ சொன்னதை ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார். உம்மா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். தட்டில் வெற்றிலையை வைத்துக்கொண்டே சொன்னார்: "நபியவங்கட மகன் இப்றாஹிம் மௌத்தான அண்டு சூரியன் இருண்டிச்சாம். ஆக்கள் அந்தப் புள்ளக்காகத்தான் இருண்டயெண்டு கதச்சிரிக்காங்க. இல்ல, ஆரும் மௌத்தானத்துக்காகவோ பொறந்தத்துக்காகவோ அது இருள்றல்ல, அது அல்லாஹ்ட அத்தாட்சியெண்டு நபியவங்க சொன்னாங்க. பெத்த புள்ளய அடக்கிட்டு நிண்ட நேரத்தில சொன்னாங்க. என்ட புள்ளய நீங்க என்னெண்டு சொல்லுவியள்?"

அந்தப் பெண் வெற்றிலையை எடுக்காமலே போய்விட்டார்.

செவ்வாய் இரவு இஷாவுக்குப் பிறகு பெரியவர் மீண்டும் வந்தபோது நான் இதைச் சொன்னேன். உம்மா சொன்ன சொல்லாகவே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அந்த மலை வெடித்தது எங்கள் உம்மாவுக்காகவுமல்ல, தம்பிக்காகவுமல்ல என்றேன். அவர் நெடுநேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு, "மூத்தம்மா அப்படிச் சொன்னாவா?" என்று மட்டும் கேட்டார்.

தம்பிக்கும் சொன்னேன். அதைச் சொல்வது எளிதாயிருக்கவில்லை. "அப்ப நான் வராம இருந்தது ஆரால காக்கா?" என்று கேட்டான். சாம்பலைக் குற்றத்திலிருந்து விடுவித்தால் ஏழு வருடம் எங்கே போய் நிற்கும் என்று நான் யோசித்திருக்கவில்லை. என்னிடம் பதில் இருக்கவில்லை. போன் அறுந்துபோனதாக நினைத்து "ஹலோ, ஹலோ" என்றான்.

வேறு வழியாக டிக்கட் எடுத்து 27ஆம் திகதி விடியப்புறம் கட்டுநாயக்காவில் இறங்கினான். அதற்குள் மழை பிடித்துவிட்டது. மறுநாள் டித்வா புயல் கிழக்குக் கரையால் நுழைந்து நாட்டையே புரட்டிப் போட்டது. எங்கள் பக்கம் வரும் பாதைகள் ஒவ்வொன்றாய் மூடின. கரண்டு இல்லை, போன் இல்லை. ஏழாம் நாள் கத்தம் அவனில்லாமலே முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவர்களோடு முடிந்தது. அவன் வீட்டுப் படியேறியது பத்தாம் நாள். இந்தத் தடவை வானம் பற்றியோ வழி பற்றியோ ஒருவரும் வாய்திறக்கவில்லை. ஊரெல்லாம் அவரவர் வீட்டுச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தது.

மையவாடியில் மண் மழைக்கு அமர்ந்துபோய்க் கிடந்தது. அவன் குந்தியிருந்து, நட்ட மர மட்டையைச் சற்று நிமிர்த்தினான். யாஸீன் ஓதி முடித்து வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை.

"அந்த மல இப்ப எப்பிடிக் காக்கா?"

"அடங்கிட்டு. சாம்பல் எல்லாம் பக்கத்துக் கிராமங்களில விழுந்து கிடக்காம். ஆக்களுக்கு ஒண்டுமில்ல."

"அங்கத்த சனம் ஆடு வளக்கிற சனமா?"

"ஓம். புல்லெல்லாம் மூடிட்டெண்டு சொல்றாங்க."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "கண்ணாடித் தூள் எண்டியே, அதுகள் அத மேஞ்சா பல்லுத் தேஞ்சிருமே" என்றான்.